ஸ்கார்பரோவில் பூளைப்பூ

ஸ்கார்பரோ,
ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் மாமாவும் பிள்ளைகளும் நலமா? அம்மாவின் முட்டிவலி தேவலையா? பொங்கலன்று போனில் ஒரே இரைச்சல், ஒன்றும் சரியாகப் பேச முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே ஜனவரி முழுவதும் தமிழ் மரபுத் திங்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் 2014இல் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். 2016 அக்டோபரில் கனடா நாடாளுமன்றம் நாடு முழுமைக்கும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. பொங்கல் வருவதால்தான் இந்த மாதம். பிப்ரவரி கறுப்பின மக்களின் வரலாற்றுக்கு, மே மாதம் ஆசிய மரபுக்கு.

பாப்பாவின் பள்ளி நூலகத்தில் ஒரு பலகை வைத்து, தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி ஏதாவது கொண்டுவந்து ஒட்டச் சொன்னார்கள். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, மதுரை. நடுவில் பாப்பா கோணல்மாணலாக நம் ஊர் கொழிஞ்சாம்பாறை என்று எழுதி ஒட்டினாள். பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, அக்கா.

பக்கத்து வீட்டு அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். 83 கலவரத்துக்குப் பிறகு வந்த குடும்பம். "கேரளாவோ? அப்ப நீங்கள் மலையாளம்தானே?" என்றார். இல்லை, நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான் என்று ஆரம்பித்து, எங்கள் ஊர் இருக்கும் சித்தூர் தாலுகா கொச்சி ராஜாவிடம் இருந்தது, 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோது நாங்களும் அதற்குள் வந்தது எல்லாம் சொன்னேன். மாசியில் சித்தூர் பகவதி கோயில் கொங்கன்படையையும் சொன்னேன். கொங்குப் படையை விரட்டியதைக் கொண்டாடும் விழா அது. கொங்குத் தமிழ் பேசுகிற நாமும் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்ப்போமே! அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்கட வீட்டிலயும் புட்டுத்தான்" என்று மறுநாள் ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுவந்தார்.

போகியன்றுதான் மனசு ஊரிலேயே கிடந்தது. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் காப்பாகக் கட்டி வாசலிலும் தொழுவத்திலும் செருகுவோமே, இங்கே அதற்கு எங்கே போவது? வெளியே முழங்கால் அளவு பனி. பாப்பா பஞ்சைச் சின்னச் சின்னதாக உருட்டி, ஒரு காய்ந்த குச்சியில் நுனியிலிருந்து அடிவரை நெருக்கமாக ஒட்டினாள். தள்ளி நின்று பார்த்தால் நம் வரப்போரத்துப் பூளையேதான். அதைத்தான் கதவில் கட்டினோம். மறுநாள் சூரியன் வர எட்டு மணி ஆகப் பார்த்தது. என் வீட்டுக்காரர் வாசலில் பனியை அள்ளித் தள்ளி கேஸ் அடுப்பை வைத்தார். காற்றுக்கு அட்டையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டே பொங்கினோம். பால் பொங்கி வழிந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து கூவினார்கள்.

எனக்கு அப்பா நினைவு வந்தது. ஒரு அலுவலகத்தில் அவருடைய தமிழ் மனுவை வாங்க மறுத்து, மலையாளத்தில் எழுதி வா என்று திருப்பி அனுப்பினார்களே. தமிழிலும் கன்னடத்திலும் எழுதலாம் என்று 1969 மொழிச் சட்டத்திலேயே இருக்கிறது என்று சொல்லி, மறுநாளும் தமிழிலேயே எழுதிக்கொண்டு போனார். அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது, பேசாமல் எழுதிக் கொடுத்தால் என்ன என்று. இந்தப் பலகை முன்னால் நின்றபோது அந்த வெட்கத்துக்காக அழுதேன். நீங்கள் அங்கேயே இருந்து நாலாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறீர்கள். அதை நான் ஒருநாளும் உங்களிடம் பெருமையாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

சரி, ஒரு உதவி வேண்டும். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் கையெழுத்தில் பெயரையும் ஊரையும் எழுதட்டும். அப்புறம் தொழுவத்தில் அம்மா கட்டிய காப்பு இன்னும் தொங்கும், அதையும் சேர்த்துப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புங்கள். 31ஆம் தேதி பலகையை எடுத்துவிடுவார்கள், அதற்குள் வந்தால் பாப்பா ஒட்டிவிடுவாள்.

அன்புடன்,
உங்கள் தங்கை