மச்சானின் காலும் மாரடைப்பும்

புதுச்சேரி

அன்புள்ள சேகர்,

மஞ்சக்குப்பத்து வீட்டில் மாடி எடுத்தாயிற்று என்பதில் சந்தோஷம். மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். மாரடைப்பில் அடைப்பதும் ரத்தக்கட்டிதானே, கால் சிரையில் கட்டி வந்தவருக்கு ஏன் ஆஸ்பிரின் தரவில்லை என்று கேட்டிருந்தாய்.

கட்டி உண்டாகும் விதம் வேறு. தமனியில் ரத்தம் வேகமாகப் பாயும். உள்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு கிழிந்தால் தட்டணுக்கள் (பிளேட்லெட்) அந்தக் காயத்தில் போய் ஒட்டும்; கட்டி வெளிறியிருக்கும். ஆஸ்பிரின் மடக்குவது தட்டணுவை. சிரையிலோ வால்வு மடிப்புக்குள் ரத்தம் தேங்கி, ஃபைப்ரின் என்ற புரத இழைகளின் வலையில் சிவப்பணுக்கள் சிக்கிக் கருஞ்சிவப்பாக உறையும். அதற்கு உறைதலையே தடுக்கும் ஹெப்பாரின், வார்ஃபரின், ரிவராக்சபான் வகை மருந்துதான். மச்சானுக்கு எழுதியிருப்பது ரிவராக்சபான்: முதல் 21 நாள் 15 மி.கி. இரு வேளை, பிறகு 20 மி.கி. ஒரு வேளை. சாப்பாட்டோடு போடவேண்டும், வெறும் வயிற்றில் உடம்பு சரியாக உறிஞ்சாது. 3 மாதமாவது தொடரவேண்டும்.

கட்டி எங்கே அடைத்தது என்பதைவிட எப்படி உறைந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். இதயத்துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அடைபடுவது மூளைத் தமனி. ஆனால் கட்டி பிறப்பது இதயத்தின் இடது மேலறைப் பையில் தேங்கிய ரத்தத்தில். அங்கும் ஆஸ்பிரின் போதாது.

அதற்காக இரண்டும் தொடர்பற்றவை என்று விட்டுவிடாதே. வெளிப்படைக் காரணமின்றிக் கால் சிரை அடைத்தவர்களுக்குக் கழுத்துத் தமனியிலும் கொழுப்புத் திட்டு அதிகம் என்று 2003-ல் இத்தாலியில் கண்டார்கள். 2007-ல் வந்த டென்மார்க் ஆய்வில் இவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதல், அதிலும் முதல் ஆண்டில். ஆகவே பி.பி., சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல். சிகரெட்டை நிறுத்தாமல் மாத்திரை மட்டும் விழுங்கினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு வாரம் யானைக்கால் என்றே இருந்தீர்களாம். நம் பக்கத்தில் அந்தச் சந்தேகம் வருவது சகஜம்தான். அடுத்தமுறை ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் தையல் நாடாவை எடு. முட்டிக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு புடைப்பு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரண்டு காலையும் சுற்றி அள. 3 செ.மீ. வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் எடு. எண்ணெய் போட்டு உருவ மட்டும் விடாதே, கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய்விடும்.

முதுகுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுகிறார் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். முதலில் அதை நிறுத்து. ரிவராக்சபானோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரக்கூடும். பாராசிட்டமால் போதும். மலம் தார் மாதிரி கறுத்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

அன்புடன்,
ரவி