விடாலின் 1917 நூலையும் பாடத்தில் சேருங்கள்

புவியியல் சிந்தனை வரலாற்றுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சுப் புவியியல் என்றதும் நம் மாணவர்கள் எழுதும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். ஜெர்மனியின் புவியியலாளர் ராட்சல், மனித வாழ்வை இயற்கையே தீர்மானிக்கிறது என்றார். பிரான்சின் புவியியலாளர் விடால் தெ லா பிளாஷ், இயற்கை வாய்ப்புகளைத் தரும், மனிதன் தேர்ந்தெடுப்பான் என்றார். அப்புறம் வட்டாரம், வாழ்க்கைமுறை, அத்தோடு சரி. அரசு, எல்லை, அதிகாரம் எல்லாம் ராட்சல் கணக்கில் போய்விடுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் அரசியலைத் தொடவே இல்லை என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

அது உண்மையல்ல. 1871-இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் இழந்த அல்சாஸ், லொரேன் பகுதிகளைப் பற்றி விடால் 1917-இல், உலகப் போருக்கு நடுவிலேயே, ‘கிழக்கு பிரான்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். அல்சாஸில் பெரும்பாலோர் பேசியது ஜெர்மானியப் பேச்சுமொழி. அப்படியிருந்தும் அவர்கள் பிரான்சோடு ஒன்றியது எப்படி? மண்ணையும் மலையையும் மட்டும் வைத்து அவர் விளக்கவில்லை. 1789 புரட்சி உண்டாக்கிய பிணைப்பு, ஆலைத்தொழில், நகரங்கள் என்று போகிறார். கிராமங்களையும் வயல்களையும் எழுதியவர் என்று நாம் அறிமுகப்படுத்துகிற அதே விடால்தான்.

அவர் மருமகன் எம்மானுவேல் தெ மார்த்தோனை நிலத்தோற்ற அறிஞராக மட்டுமே படிக்கிறோம். 1919 பாரிஸ் அமைதி மாநாட்டில் ருமேனிய எல்லைக்கு ஆலோசனை சொன்ன வல்லுநர் அவர். சாத்து மாரே, ஒராதியா, அராத் நகரங்களில் ஹங்கேரியர்களே அதிகம். ஆனாலும் அவற்றை இணைத்த ரயில் பாதை ருமேனியாவுக்கு வேண்டும் என்பதால் எல்லைக்கோடு மேற்கே தள்ளிப் போனது. இது அரசியல் புவியியல் இல்லையென்றால் வேறு எது?

இந்த அரசியல் பக்கம் மறக்கப்பட்டதற்கு முக்கியக் காரணம், என் பார்வையில், பிரெஞ்சு வரலாற்றாசிரியர் லூசியன் ஃபெவ்ர். இயற்கை வாய்ப்பு தரும், மனிதன் தேர்ந்தெடுப்பான் என்ற விடாலின் கருத்துக்கு ‘பாசிபிலிசம்’ என்று பெயர் சூட்டியவர் அவர்தான், 1922-இல், விடால் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. புவியியலாளருக்கு மண் போதும், அரசு வேண்டாம் என்று வரம்பு போட்டவரும் அவரே. அந்த வரம்புக்குள் நின்றுதான் நாம் இன்றும் விடாலைக் கற்பிக்கிறோம். பிரான்சிலேயே இதை எதிர்த்துப் பெரிய குரல் எழ 1976 ஆனது. அந்த ஆண்டுதான் புவியியலாளர் ஈவ் லாகோஸ்த், அரசியலையும் புவியியலையும் இணைத்துப் பேசும் ‘எரோதோத்’ இதழைத் தொடங்கினார். விடாலின் 1917 நூலை மறுபடி கவனத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

அரசியலில் இறங்கிய இன்னொரு பிரெஞ்சுப் புவியியலாளர், 1871-இல் பாரிஸில் எழுந்த புரட்சி அரசான பாரிஸ் கம்யூனில் பங்கேற்று நாடு கடத்தப்பட்ட எலிசே ரெக்ளூ. அவருக்கும் நம் பாடங்களில் தகுந்த இடம் இல்லை.

புதிய தாள் ஒன்றும் கேட்கவில்லை. இருக்கிற பாடத்திலேயே 1917 நூலுக்கு ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். தேர்வில் ‘ராட்சலையும் விடாலையும் ஒப்பிடுக’ என்பதோடு, ருமேனிய எல்லையில் மொழியையும் ரயில் பாதையையும் எப்படி எடைபோட்டார்கள் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள்.

அன்புடன்,
முன்னாள் புவியியல் மாணவர் ஒருவர்