ரோபோட் வாங்கும் முன் ஒரு கணக்கு

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் மருத்துவருக்கு உதவும் ரோபோட் கை வாங்கலாமா என்று யோசிக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் எலும்பு மூட்டு மருத்துவர்களுக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு மூட்டு மாற்றி ஏழாவது வாரம். கீழே விழுந்த மூக்குக் கண்ணாடியை எடுக்கக் குனிந்தார், மூட்டு நழுவிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு கால் குட்டையாகி, பாதம் உள்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. "காலைத் தொடாதே" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சே வரவில்லை. கிண்ணம், அதாவது இடுப்பெலும்புக் குழியில் பொருத்தும் செயற்கைக் குழி, கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். அதனால், கிண்ணத்தின் சாய்வைப் பாகைக் கணக்கில் திரையில் காட்டும் கருவியை நான் லேசாக நினைக்கவே முடியாது.

ஆனாலும் கேட்கிறேன். அந்தத் துல்லியத்தால் நோயாளிக்கு என்ன கூடுகிறது?

கிண்ணம் 40 பாகை சாய்வும் 15 பாகை முன்திருப்பமும் (கிண்ணத்தின் வாய் முன்பக்கம் திரும்பியிருக்கும் அளவு), இரண்டிலும் பத்துப் பாகை முன்பின்னாக, இருந்தால் பாதுகாப்பு என்று 1978-ல் லூயினெக் என்ற மருத்துவரின் குழு சொன்னது. அந்த எல்லைக்குள் கிண்ணத்தை வைப்பதில் ரோபோட் கெட்டிதான். ஆனால் 2016-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் நழுவிய மூட்டுகளை எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் கிண்ணம் அந்த எல்லைக்குள்தான் இருந்தது. உட்காரும்போதும் எழும்போதும் இடுப்பெலும்பு சாய்கிறது, முதுகெலும்பு இறுகியவருக்கு அது சரியாகச் சாய்வதில்லை. தசையின் பிடிப்பு வேறு இருக்கிறது. கிண்ணத்தின் கோணம் ஒன்றே எல்லாம் இல்லை.

இன்னொன்று, இந்த அறுவை சிகிச்சை ஏற்கெனவே நன்றாக நடக்கிறது. ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1960-களில் வழிகாட்டிய முறையில் வளர்ந்தது இது. 25 ஆண்டு கழித்தும் பாதிக்கு மேற்பட்ட மூட்டுகள் மாற்றப்படாமல் உழைக்கின்றன. இதற்கு மேல் கூட்ட மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் கருவியின் விலை, ஆண்டுப் பராமரிப்பு, ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகப் பிரிக்கும் உதிரிகள், பல கருவிகளுக்கு முன்கூட்டியே எடுக்க வேண்டிய சிடி ஸ்கேன் எல்லாம். மறு அறுவை சிகிச்சை குறைந்தால் பணம் மிஞ்சும், சரி. ஆனால் அந்த மிச்சம் பத்து, இருபது ஆண்டில் சிறுகச் சிறுக வரும். கருவிக்கோ இன்றே பணம் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 50 பேருக்குச் செய்யும் இடத்தில் ஒரு நோயாளியின் தலையில் விழும் கருவிச் செலவு, 500 பேருக்குச் செய்யும் இடத்தைவிடப் பத்து மடங்கு. பக்கத்து மருத்துவமனை வாங்கிவிட்டது என்பதற்காகச் சின்ன மருத்துவமனையும் தனியாக ஒன்று வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

வாங்கினால், அறுவை சிகிச்சையில் முதுகெலும்பை இணைத்துக் கட்டியவர்கள் போல நழுவும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு முதலில் பயன்படுத்துங்கள். செலவுக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு அங்கேதான் அதிகம். அப்புறம், எந்த மூட்டு எந்த முறையில் வைத்தது என்று ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். 2010-ல் திரும்பப் பெறப்பட்ட ஏஎஸ்ஆர் என்ற உலோக இடுப்பு மூட்டின் கோளாறை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது ஆஸ்திரேலியாவின் மூட்டு மாற்றுப் பதிவேடுதான். விளம்பரத்தில் அது தெரியவில்லை.

"ரோபோட்டில் செய்யட்டுமா?" என்று நோயாளியிடம் கேட்கும்போது, உங்கள் மருத்துவமனையில் ரோபோட்டோடும் ரோபோட் இல்லாமலும், இரண்டு முறையிலும் எத்தனை மூட்டு நழுவியது, எத்தனை பேர் திரும்ப மேசைக்கு வந்தார்கள் என்ற தாளையும் கையில் கொடுங்கள். எங்கள் கையில் அன்று அப்படி ஒரு தாள் இல்லை.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்