சட்டம் எழுதும் தோழிக்கு

அன்புள்ள மல்லிகாவுக்கு,

கண் அறுவை முடிந்து, படிக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் முதலில் பிரித்தது உன் கடிதத்தைத்தான். இப்போது நலம். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

குழந்தை உரிமைச் சட்ட வரைவுக் குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்களாமே, நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை அப்படியே உள்நாட்டுச் சட்டமாக்கிவிட்டால் போதாதா என்று கேட்டிருந்தாய். போதாது என்பதே என் கட்சி. 1989-இல் வந்த அந்த உடன்படிக்கையில் 196 நாடுகள் சேர்ந்தாயிற்று. அமெரிக்காதான் கையெழுத்தோடு நின்றுவிட்டது. ஆனால் ஒரு பிள்ளைக்கு அநியாயம் நடந்தால் அந்த நாட்டு நீதிபதி முன்னால் அது செல்லுபடியாகுமா என்று பார்த்தால் நாட்டுக்கு நாடு கதை மாறுகிறது.

நார்வே 2003-இல் அதைத் தன் மனித உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வேறு சட்டத்தோடு மோதினால் இதுதான் மேலோங்கும். ஸ்வீடனும் 2020 முதல் சட்டமாக்கியது, ஆனால் அந்த மேல்நிலையைக் கொடுக்கவில்லை. வேல்ஸ் 2011-இல் வேறு வழியில் போனது: அமைச்சர்கள் முடிவெடுக்கும்போது உடன்படிக்கைக்கு உரிய கவனம் தர வேண்டும், அவ்வளவே. கவனம் தந்தோம் என்று கோப்பில் ஒரு வரி எழுதிவைக்க எந்த அதிகாரிக்குத்தான் கை வராது?

நீ உட்கார்ந்து படிக்க வேண்டியது ஸ்காட்லாந்தை. உடன்படிக்கையைச் சட்டமாக்கும் மசோதாவை 2021 மார்ச்சில் அவர்கள் நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. அக்டோபரிலேயே பிரிட்டன் உச்ச நீதிமன்றம், சில பிரிவுகள் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் அதிகார வரம்பை மீறியவை என்றது. திருத்தி, 2023 டிசம்பரில் மறுபடி நிறைவேற்றி, 2024 ஜூலை 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் சட்டம் மெலிந்துவிட்டது. அரசு அமைப்புகள் உடன்படிக்கைப்படி நடக்க வேண்டும் என்ற அதன் கட்டாயம், லண்டனில் உள்ள பிரிட்டன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களின் கீழ் நடக்கும் வேலைகளுக்குப் பொருந்தாது. அங்கே பள்ளிக் கல்விக்கு அடிப்படையான சட்டங்களில் ஒன்று 1980-இல் லண்டன் இயற்றியது! பிள்ளைகள் பகலெல்லாம் இருக்கும் இடத்திலேயே ஓட்டை. அதனால் முதல் வரியை எழுதுமுன் பழைய சட்டங்களை எடுத்துவைத்து, எவையெல்லாம் உங்கள் வரைவுக்கு வெளியே நிற்கும் என்று பார்த்துவிடு.

அதே சட்டத்தில் ஒரு பிரிவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். வழக்குப் போட ஓராண்டுதான் கெடு. ஆனால் 18 வயது நிரம்பாத காலம் அந்தக் கணக்கில் சேராது. 10 வயதில் பாதிக்கப்பட்டு, வீட்டிலும் கேட்பாரில்லாமல் போன பிள்ளை, வளர்ந்தபின் தானே வழக்கறிஞரைத் தேடிப் போகலாம். அதுவரையும் காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் ஆணையரே நீதிமன்றம் போகவும் அதில் இடம் உண்டு. உங்கள் ஆணையருக்கு வெறும் ஆண்டறிக்கை எழுதும் அதிகாரம் மட்டும் கொடுத்து உட்கார வைத்துவிடாதீர்கள்.

சுருக்கமாக எழுதினால் வலுக் குறையும் என்று பயப்படாதே. தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 28-ஆம் பிரிவில் ஒரே வரி: குழந்தை சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் அதன் நலனே தலையாயது. 2007-இல் அரசமைப்பு நீதிமன்றத்துக்கு ஒரு தாயின் வழக்கு வந்தது. மோசடிக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை. மூன்று மகன்களைத் தனியாக வளர்ப்பவள். தாயை உள்ளே அனுப்பினால் இவர்களை யார் பார்ப்பார்கள் என்று விசாரிக்காமல் தண்டனை விதிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். சிறைக்குப் பதிலாகக் கண்காணிப்பில் வைத்தது. அந்தப் பையன்கள் வழக்கில் கட்சிக்காரர்களே இல்லை. குழந்தைகள் நலச் சட்டத்தை மட்டும் திருத்திவிட்டு, குற்றவியல், குடியேற்றம், வீட்டுவசதி என்று மற்றதையெல்லாம் விட்டுவிடும் குழுக்களுக்கு இந்தத் தீர்ப்பைத்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்று. உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய விஷயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. உங்கள் குழு இதுவரை எந்தப் பிள்ளையிடமாவது பேசியிருக்கிறதா? மாலை போட்டுப் படம் எடுத்து அனுப்பும் விழாவைச் சொல்லவில்லை. விடுதியிலும் காப்பகத்திலும் வளர்ந்தவர்களைக் கூப்பிட்டு, புகார் சொல்ல யாரிடம் போனாய், என்ன ஆயிற்று என்று கேளுங்கள். முறையீடு பற்றிய அத்தியாயத்தை அதற்குப் பிறகு எழுதினால் போதும். எழுதியதும் எனக்கும் ஒரு படி அனுப்பு, சிவப்பு மையோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
சரோஜா