‘டால்பின் நிச்சயம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்

சேலத்திலிருந்து கோவாவுக்குச் சுற்றுலாப் பேருந்து நடத்தும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் காப்பியும் மிளகும் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். மலைக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பணி ஓய்வுக்குப் பிறகு, நண்பர் ஒருவரின் பாய்மரப் படகில் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக ஏறி, கொச்சிக்கும் கோவாவுக்கும் இடையே, நடுவில் ஒருமுறை இலட்சத்தீவு வரைக்கும், பதினொரு மாதங்கள் அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு உறங்கியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். ஓங்கில் என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனாலும் உங்கள் நோட்டீசில் உள்ளபடி டால்பின் என்றே சொல்கிறேன்.

சென்ற சனவரியில் உங்களில் ஒருவர் நடத்திய பயணத்தில் பேரப்பிள்ளைகளோடு சென்றேன். ‘டால்பின் நிச்சயம், தெரியாவிட்டால் பணம் வாபஸ்’ என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் இருந்தது. அகுவாடா கோட்டைக்குக் கீழே ஒரு தாயும் குட்டியும் தலைகாட்டியதும், எங்கள் படகோடு சேர்த்து ஏழு படகுகள் அவற்றைச் சூழ்ந்தன. குட்டி மூச்சுவிட மேலே வந்த ஒவ்வொரு முறையும் ஏழு எஞ்சின்களும் அந்தப் பக்கமே திரும்பின. “தாத்தா, அது வெளையாடுதா, ஓடுதா?” என்று சின்னவள் கேட்டாள். ஓடுகிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அங்கே கரையோரம் பெரும்பாலும் தென்படுவது கூனல் முதுகு டால்பின். அது ஆழம் குறைந்த கரையோர நீரிலேயே வாழ்வது. அதனால்தான் உங்கள் படகோட்டிகளால் நிச்சயம் என்று சொல்ல முடிகிறது, அதனால்தான் அதற்கு விலகிப் போக வேறு இடமும் இல்லை. கூச்ச சுபாவம் உள்ளது. படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், எழும் அலையில் சறுக்கி விளையாட அபூர்வமாகத்தான் வரும். இலட்சத்தீவுக்குப் போகும் வழியில் எங்களோடு ஓடிவந்து, காற்றில் எழும்பிச் சுழன்று விழுந்தவை வேறு இனம். அந்தச் சுழல் டால்பின்கள் இரவில் வேட்டையாடிவிட்டுப் பகலில் ஓய்வெடுப்பவை. அந்த ஓய்வு கெடக் கூடாது என்பதற்காகவே ஹவாய்த் தீவுகளில் 2021 முதல் அவற்றை 50 கெசத்துக்குள் நெருங்குவது தடைசெய்யப்பட்டிருக்கிறது.

நங்கூரமிட்டு எஞ்சினை நிறுத்திய இரவுகளில், படுக்கைப் பலகையில் காதை வைத்தால் கடலுக்குள் நடப்பதெல்லாம் கேட்கும். கடுகு வெடிப்பது போன்ற ஓயாத படபடப்பை முதலில் டால்பின் என்றே நினைத்திருந்தேன். அது பெரும்பாலும் ஒருவகைச் சிறு இறாலின் ஓசை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கு மேலே, ஏறி இறங்கி இழுபடும் மெல்லிய சீழ்க்கைதான் டால்பினுடையது. அருகில் ஒரு மீன்பிடிப் படகு எஞ்சினைக் கிளப்பியதும், பலகை முழுவதும் அந்த இரைச்சல் ஏறி, சீழ்க்கை இருந்த இடமே தெரியாமல் போகும். கலங்கிய நீரில் இரை தேடுவதும், குட்டியைக் கூப்பிடுவதும் ஒலியால்தான் என்னும்போது, ஏழு எஞ்சின்களுக்கு நடுவே அந்தத் தாய்க்கு என்ன கேட்டிருக்கும்?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். டால்பின்கள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ளவை. அந்தச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குள் விரட்டுவதையும் சேர்த்திருக்கிறது. நம் ஏற்காட்டு மலைப்பாதையில், காருக்குள்ளிருந்து நீட்டப்படும் பிஸ்கட்டுக்காகக் கொண்டை ஊசி வளைவுகளில் குரங்குகள் காத்துக் கிடப்பதை நாள்தோறும் பார்க்கிறவர்கள் நீங்கள். வண்டியை நிறுத்தித் தீனி போட வேண்டாம் என்று உங்களில் சிலரே பயணிகளிடம் சொல்லக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன்.

அதே பொறுப்பைத்தான் கடலிலும் கேட்கிறேன். ‘நிச்சயம்’ என்ற சொல்லையும், பணம் வாபஸ் என்ற வாக்குறுதியையும் நோட்டீசிலிருந்து நீக்குங்கள். படகோட்டி துரத்துவது பேராசையால் அல்ல, நீங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான். முன்னால் மறிக்காமல் பக்கவாட்டில் மெதுவாகச் சென்று, ஐம்பது மீட்டருக்கு அப்பாலேயே எஞ்சினை நியூட்ரலில் போட்டு, கால் மணி நேரத்தில் திரும்பிவிடும் படகுக்கு மட்டுமே ஆள் அனுப்புவோம் என்று பேசி முடியுங்கள். குட்டி தெரிந்தால் அந்தக் கால் மணியும் வேண்டாம். பேருந்துக்கு இரண்டு பைனாகுலர் போதும். கட்டணத்தைப் படகுச் சவாரிக்கு என்றே வாங்குங்கள். டால்பின் வந்தால் அது பயணியின் அதிர்ஷ்டம்.

உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேச ஒரு மாலை ஒதுக்கினால், ஐந்து ரோட்டுக்கோ பழைய பேருந்து நிலையத்துக்கோ, சொன்ன இடத்துக்கு இறங்கி வருகிறேன். கடைசிப் பேருந்துக்கு முன்னால் விட்டுவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து உங்கள் பயணிகளில் ஒருவன்