அருவிக்கு நடந்து போகிறவர்களுக்கு மலைமேல் பெய்யும் மழை தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் நம் நெல்லைச் சீமைப் பத்திரிகைகளில் இரண்டு செய்திகள் மாறி மாறி வரும். ஒரு நாள் ‘அருவியில் குளிக்கத் தடை’. மறுநாளோ அதற்கு மறுநாளோ ‘தடை நீக்கம், சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி’. தடை போட்ட பிறகு யாருக்கும் ஆபத்து இல்லை. தடை போடுவதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம்தான் ஆளைக் கொண்டுபோவது. அருவிக்கரையில் பிள்ளைகுட்டிகளோடு ஆட்கள் இருப்பார்கள், மலை உச்சியில் மழை தொடங்கியிருக்கும், கீழே ஒருவருக்கும் தெரியாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். மடையின் ஷட்டரை ஏற்றி இறக்குவது, கால்வாய்க் கரையில் நடந்து உடைப்பு பார்ப்பது, காலையில் மழைமானித் தண்ணீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றி நோட்டில் எழுதுவது எல்லாம் என் வேலையாக இருந்தது. ஊர் திருக்குறுங்குடிப் பக்கம். மலைநம்பி கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்து நடந்தே போகிறவன்.

இப்போது நிறையப் பேர் ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். முடியாதவர்கள் ஏறட்டும். ஆனால் நடந்து போனால்தான் அந்த மலை பிடிபடும். சோதனைச்சாவடியைத் தாண்டியதும் பாதை கல்லும் குழியுமாக ஏறத் தொடங்கும். ஓடையின் சத்தம் ஒரு திருப்பத்தில் காதோரம் கேட்கும், அடுத்த திருப்பத்தில் எங்கோ ஆழத்தில் கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் அட்டை ஏறும், சுண்ணாம்போ உப்போ கையில் இருக்க வேண்டும். மேலே போய் நம்பியாற்றில் காலை வைத்தால் ஏறி வந்த களைப்பு அந்த இடத்திலேயே இறங்கிவிடும். பணகுடிக்காரர்களுக்குக் குத்தரபாஞ்சான் அருவி, களக்காட்டுக்காரர்களுக்குத் தலையணை அருவி, அம்பைக்காரர்களுக்கு மணிமுத்தாறு அருவி. கட்டுச்சோற்றோடு விடியற்காலையில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிற நடை இது. நம் சனங்களுக்கு இதை வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித் தரவில்லை. குளிக்கப் போவதும் சாமி கும்பிடப் போவதும் நமக்கு ஒரே பயணம்தான்.

இந்த மலையின் அமைப்பை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். களக்காட்டிலிருந்து தெற்கே போகப் போக மலை கடலை நெருங்கிக்கொண்டே போகிறது. மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. பணகுடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கடலைப் பார்த்துவிடலாம். தாமிரபரணி பொதிகையில் பிறந்து 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலுக்குப் போகிறது. நம்பியாறு 50 கிலோமீட்டருக்குள் மன்னார் வளைகுடாவுக்குப் போய்விடுகிறது. அதிலும் செங்குத்தாக விழுகிற பகுதி முழுவதும் மேலே சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. உச்சியில் விழுந்த மழை, ஆற அமர இறங்குவதற்கு இடமே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பாபநாசத்தில் அகஸ்தியர் அருவிக்கு மேலே அணை உண்டு. எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லலாம், சைரன் ஊதலாம். மணிமுத்தாறு அருவியோ அணைக்கு மேலே இருக்கிறது. கொடுமுடியாறு அணையும் நம்பியாறு அணையும் மலையைவிட்டு நீர் இறங்கிய பிறகு அதைப் பிடிப்பவை. அணை கீழே, அருவி மேலே. ஆகவே அருவிக்கும் மேகத்துக்கும் நடுவில் தண்ணீரைத் தடுத்து நிறுத்த எதுவுமே கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் பத்து லட்சம் லிட்டர். ஒரு ஓடைக்குத் தண்ணீர் வடிகிற மலைப்பரப்பு பத்து சதுர கிலோமீட்டர் என்று வையுங்கள். அங்கே ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 50 கோடி லிட்டர். சோலைக்காடு இருக்கும் இடத்தில் மக்கிய இலையும் மண்ணும் அதில் ஒரு பங்கைக் குடித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும். மேலே சோலை உள்ள ஓடைகளில் மழையில்லாத மாதங்களிலும் தண்ணீர் இருப்பது அதனால்தான். மொட்டைப் பாறைச் சரிவில் எதுவும் தங்காது. விழுந்தது விழுந்தபடி ஓடைக்கு வந்துவிடும்.

“வானம் வெளுப்பா இருக்கே அண்ணாச்சி, என்ன பயம்?” என்று கேட்கிற இளைஞர்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மலையிறங்கி வருகிற வழியில், ஓடையைக் கடக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கரையில், அதாவது மலைப்பக்கத்தில், ஐந்தாறு கல்லூரிப் பையன்கள் கசத்தில் நீந்திக்கொண்டிருந்தார்கள். தண்ணீரோரம் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு குச்சியை விளிம்பில் ஊன்றி வைப்பது என் பழக்கம். அன்றைக்கும் ஊன்றியிருந்தேன். எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது குச்சியின் அடி ஈர மணலில் இருந்தது. கொஞ்சம் கழித்துப் பார்த்தால் இரண்டு விரல்கடை தண்ணீருக்குள் போயிருந்தது. கண்ணாடியாக இருந்த தண்ணீரில் டீத்தூள் நிறத்தில் ஒரு கோடு வந்தது. பின்னாலேயே சருகு, சுள்ளி, பச்சை இலையோடு முறிந்த ஒரு கொப்பு. காய்ந்த சருகு காற்றிலும் விழும். பச்சைக்கொப்பு மிதந்து வந்தால் மேலே தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

“தம்பிகளா, துணியை அப்புறம் எடுக்கலாம், இப்பவே இந்தப் பக்கம் வாங்க” என்று கத்தினேன். ஒருவன் சிரித்தான். கூட இருந்த பெரியம்மா ஒருத்தி, நான் கத்தியதைவிட இரண்டு மடங்கு சத்தமாக அவர்களை ஏசிய பிறகுதான் வந்தார்கள். கடைசிப் பையன் கடக்கும்போது தண்ணீர் முழங்காலுக்கு மேல். நான் சோற்றைத் தின்று முடித்துக் கை கழுவக் குனியும்போது, அவர்கள் மிதித்து வந்த கற்களில் ஒன்றைக்கூடக் காணவில்லை. கசம் எது, பாதை எது என்று தெரியாமல் செந்தண்ணீர் முழங்கிக்கொண்டு போனது. எங்கள் தலைக்கு மேலே அப்போதும் வெயில்தான். அந்தப் பையன்களின் முகத்தை நான் மறக்கவில்லை. கெட்ட பிள்ளைகள் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

குற்றாலத்தில் 2024 மே 17 அன்று நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பழைய குற்றாலத்தில் பிற்பகலில் திடீர் வெள்ளம் வந்து, நம் நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவனைக் கொண்டுபோனது. அது சீசன் மாதம்கூட இல்லை, கோடைமழை. பெயர்பெற்ற அருவியில், படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் இருக்கிற இடத்தில் அப்படி என்றால், காட்டுக்குள் நடந்து போகிற ஓடைவழிகளை நினைத்துப் பாருங்கள். ஐந்தருவியிலும் மெயின் அருவியிலும் போலீஸ் விசில் அடித்தால் கூட்டம் வெளியேறிவிடும். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தாலே ஆபத்து என்று குழந்தைக்கும் தெரியும். நடைவழிகளில் விசிலும் இல்லை, ஆர்ச்சும் இல்லை. பள்ளத்தாக்குக்குள் செல்போன் கோபுரம் எட்டுவதில்லை. சோதனைச்சாவடியில் நிற்கும் ஊழியரை நான் குறை சொல்ல மாட்டேன், மேலே என்ன பெய்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கும் வழியில்லை.

நாங்கள் எழுதிய மழைக்கணக்கும் இதற்கு உதவாது. மலைமேல் உள்ள ஊத்து இவ்வளவு, நாலுமுக்கு இவ்வளவு, காக்காச்சி இவ்வளவு என்று பத்திரிகையில் வருவது முந்தைய 24 மணி நேரத்தின் மொத்தம். விவசாயிக்கும் அணைக்கும் அது போதும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஓடைக்குள் நிற்கிறவனுக்குத் தேவை பன்னிரண்டு மணியின் மழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நாம் மறுநாள் காலையில் எண்ணாகப் படித்தோம். அதற்குள் வெள்ளம் வீட்டுக்குள் இருந்தது. இப்போது தானியங்கி மழைமானிகள் வந்துவிட்டன, உடனுக்குடன் அளவை அனுப்புகின்றன. மக்கள் நடந்து போக அனுமதி உள்ள ஒவ்வொரு அருவிக்கும் மேலே, அந்த ஓடையின் தலைப்பகுதியில் ஒன்று வேண்டும். அது சொல்வது தலைநகரத்துக் கணினிக்கு மட்டும் போகாமல், அடிவாரத்துச் சோதனைச்சாவடிக்கு வாக்கிடாக்கியில் வர வேண்டும். வந்தால் அங்கிருந்து மேலே போகிறவர்களை நிறுத்தலாம், உள்ளே இருப்பவர்களைக் கூப்பிடலாம்.

அதற்குப் பணமும் கோப்பும் நகர வேண்டும், தெரியும். நகரட்டும். அதுவரை ஒரு டப்பா பெயின்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அணைச்சுவரில் அடி அளவு எழுதி வைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி, ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கரையிலும் அசையாத பெரிய பாறையில் ஒரு வெள்ளைக்கோடும் அதற்கு மேல் ஒரு சிவப்புக்கோடும் போட வேண்டும். தண்ணீர் வெள்ளைக்கோட்டைத் தொட்டால் குளிப்பதை விட்டுவிட்டு ஊர்ப்பக்கக் கரைக்கு வந்துவிட வேண்டும். சிவப்பைத் தொட்டால் கடக்கவே கூடாது. எந்தக் கரையில் இருக்கிறோமோ அங்கேயே மேட்டில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். இதைப் பாறையிலேயே தமிழில் எழுதிவிடலாம். ஓடை சின்னது, மலை சின்னது என்பதால் வெள்ளம் வந்த வேகத்தில் வடியவும் செய்யும். மேலே மழை விட்டுச் சில மணி நேரத்தில் பழைய கற்கள் தெரியத் தொடங்கும். பசிக்கிறது, கடைசி பஸ் போய்விடும் என்று அந்த நேரத்தில் கையைக் கோத்துக்கொண்டு இறங்குகிறவர்களைத்தான் தண்ணீர் இழுக்கிறது.

‘எல்லாவற்றையும் மூடிவிட்டால் தீர்ந்தது’ என்று சிலர் சொல்வார்கள். தீராது. இது 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் காடு. புலிக்கும் சோலைமந்திக்கும் உரிய இடத்தில் நாம் கட்டுப்பாட்டோடுதான் நுழைய வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் முன்வாசலை மூடினால் பையன்கள் தோட்டத்து வேலியைத் தாண்டிப் பின்வழியாகப் போகிறார்கள். யார் போனார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று எந்த நோட்டிலும் இருக்காது. 2018-இல் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேரை இழந்த பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு விதிகள் வந்தன. 2024-இல் மாநிலம் முழுக்க 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்தார்கள். வழிகாட்டியோடு போவது என்ற அந்த முறை நல்ல முறை. அதை நம் ஊர்ச் சனங்கள் அன்றாடம் நடக்கிற வழிகளுக்கும் கொண்டுவர வேண்டும், கட்டணம் ஊர்க்காரனுக்குக் கட்டுப்படியாகிற அளவில். காரையார்ப் பக்கம் இருக்கிற காணி மக்களுக்கும், தெற்கே அடிவாரக் கிராமத்து இளைஞர்களுக்கும் தண்ணீரின் வாசனையை வைத்தே மழை சொல்லத் தெரியும். மழை மாதங்களில் அவர்களை ஒவ்வொரு கடவிலும் விசிலோடும் ஒரு நீளக் கயிற்றோடும் நிறுத்திச் சம்பளம் கொடுங்கள்.

சோப்பு, ஷாம்பு, உடைந்த பாட்டில் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை. நடந்து போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். மலையில் மேகம் பெரும்பாலும் உச்சிப்பொழுதுக்குப் பிறகுதான் கூடுகிறது. ஆகவே விடியலில் ஏறி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கடைசி ஓடையைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். கிளம்பும்போது ஊரில் வெயில் அடிக்கிறதா என்று பார்க்காமல், மலை முகடு தெரிகிறதா என்று பாருங்கள். முகட்டை மேகம் மூடியிருந்தால் அடிவாரத்துக் கோயிலைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள். நம்பி எங்கேயும் போய்விட மாட்டார்.

மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் நீர்வளத்துறையும் இந்தக் கடிதத்தைப் படித்தால், பெயின்ட் வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஓடை வற்றிப் பாறை நன்றாகக் காய்ந்திருக்கும், பெயின்ட் பிடிக்கும். கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்பதற்குப் பெரிய அளவீடு ஒன்றும் வேண்டாம். போன வெள்ளத்தில் சருகும் நாணலும் மரத்தின் வேரில் எந்த மட்டத்தில் சிக்கி நிற்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதியை அங்கே ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். என்னைப் போல ஓய்வு பெற்ற லஸ்கர்கள் களக்காட்டிலும் ஏர்வாடியிலும் வள்ளியூரிலும் இருக்கிறோம். கூப்பிட்டால் படி வாங்காமல் வந்து கல்லைக் காட்டித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறை லஸ்கர்,
திருக்குறுங்குடி, திருநெல்வேலி மாவட்டம்.