கோட்டை மாரியம்மன் வாசலில் தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய சேலம் மாநகராட்சி மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள், மாவட்டச் சுற்றுலா அலுவலர் ஆகியோருக்கு,

வணக்கம்.

வெளியூரிலிருந்து சேலத்துக்கு வருகிறவர்கள் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஏற்காடு வண்டி எங்கே நிற்கும் என்றுதான் கேட்கிறார்கள். ஊருக்குள் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் நம்மிடமும் சட்டென்று பதில் இல்லை. நான் ஒரு பதிலோடு வந்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோட்டைப் பகுதியில், சேலத்து மருத்துவத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே நடக்கும் ஒரு நடைப்பயணத்தை மாநகராட்சி தொடங்க வேண்டும். லண்டனில் 1854இல் காலரா பரவியபோது, பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்புதான் காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கண்டுபிடித்து அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். அங்கே இன்று ஒரு மாதிரிப் பம்பை நிறுத்தியிருக்கிறார்கள். அதைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். நம் ஊரில் சொல்ல அதைவிட அதிகமாகவே இருக்கிறது.

நடை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் அல்ல, கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில். என் அப்பா அம்மை குத்துகிற, அதாவது பெரியம்மைக்குத் தடுப்பூசி போடுகிற வேலையில் இருந்தவர். குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று தெருத்தெருவாகச் சைக்கிளில் போவார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் பிள்ளைகள் பரண்மேல் ஏறி ஒளிந்துகொள்வார்கள். பெரியவர்கள், “ஆத்தா வந்திருக்கிற வீட்டில் ஊசி எடுத்தால் ஆத்தா கோவிச்சுக்குவா” என்பார்கள். அப்பா அவர்களோடு வாதாடியதே இல்லை. முதலில் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் திருநீறோடுதான் தெருவுக்குள் வருவார். அப்புறம் கதவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும்.

அந்த வீடுகளில் வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அடுப்பில் தாளிக்க மாட்டார்கள். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் விடும் வரை நோயாளி வெளியே வரமாட்டார். நோயாளியைத் தனியே வைப்பது என்று பின்னாளில் செவிலியர் படிப்பில் எனக்குச் சொல்லித் தந்தார்களே, அதன் பாதி எங்கள் தெருவில் பக்தியாகவே நடந்துகொண்டிருந்தது. ஆனால் வேப்பிலை பெரியம்மையை ஒழிக்கவில்லை. ஒழித்தது தடுப்பூசிதான். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று நேர்மையாகச் சொல்ல முடியும் என்பதால்தான் கோயில் வாசல் என்கிறேன்.

1796இல் இங்கிலாந்தில் ஜென்னர் என்ற மருத்துவர் செய்து காட்டிய அந்தத் தடுப்பூசி முறை 1802இல் பம்பாய்க்கு வந்து, அதே ஆண்டு சென்னைக்கும் வந்தது. அன்று குளிர்பெட்டி கிடையாது. தடுப்பூசி போட்ட ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் வைத்து, அப்படியே ஊர் ஊராகக் கடத்தினார்கள். அப்பா காலத்தில் பல்சக்கரம் மாதிரி ஒரு கருவி இருந்தது. தோலில் வைத்துத் திருகுவார்கள், வலி உயிர் போகும். பிறகுதான் முனை இரண்டாகப் பிரிந்த ஊசி வந்தது. 1975இல் இந்தியாவின் கடைசி நோயாளி. அதன் பிறகு, பெரியம்மை கண்டவரைக் காட்டினால் 1000 ரூபாய் என்று அரசே அறிவித்தது. 1980இல் உலகமே இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சேலத்தில் இன்று அறுபது வயதைத் தாண்டிய யாருடைய மேல்கையையும் பாருங்கள், வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். நடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லுங்கள். நாங்கள் இருக்கும்போதே சொல்லுங்கள்.

கோயிலிலிருந்து திருமணிமுத்தாற்றங்கரைக்கு வந்தால் பஞ்சத்தின் கதை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. மிகவும் அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு 1 பவுண்டு தானியத்துக்கான கூலி போதும் என்று, பஞ்சத்தைப் பார்வையிட ஆங்கில அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி குறைத்தார். அது ஏறக்குறைய 450 கிராம். மண் சுமக்கிற உடம்பு இதில் நிற்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சோற்றின் அளவுக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்ற அந்த மருத்துவரின் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

தண்ணீரை விட்டுவிட்டால் இந்தக் கதை முழுதாகாது. 1911இல் பனமரத்துப்பட்டி ஏரியைக் கட்டி ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தது, பல மருந்துகள் செய்யாத வேலையைச் செய்தது என்றே நம்புகிறேன். ஏரி தொலைவு, நடக்க முடியாது. ஏதாவது ஒரு தெருக்குழாயடியில் நிறுத்தி இதைச் சொன்னால் போதும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் திரும்பினால் நாட்டு மருந்துக் கடை ஒன்றில் கால்மணி நேரம் நிற்கட்டும். அதிமதுரம், சித்தரத்தை, கடுக்காய், கண்டங்கத்திரி என்று கையில் எடுத்து முகர்ந்து பார்க்கட்டும். சித்த மருத்துவம் என்றதும் நம் மக்களுக்கு நினைவு வரும் கஞ்சமலையையும், இராசிபுரத்தில் பிறந்து சித்த மருத்துவராகத் தொழில் செய்து விடுதலைப் போராட்டத்துக்குப் போன வரதராஜுலு நாயுடுவையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி. 1986இல் மருத்துவக் கல்லூரி வந்ததையும் மோகன் குமாரமங்கலம் பெயர் வைத்ததையும் வெளியே நின்றே சொல்லுங்கள். உள்ளே கூட்டிக்கொண்டு போகவே கூடாது. நான் 31 வருடம் வார்டில் வேலை பார்த்தவள். படுத்திருப்பவரை வேடிக்கை பார்க்கிற கண் எவ்வளவு கூசும் என்று எனக்குத் தெரியும்.

வழிகாட்டிகளாக ஓய்வுபெற்ற செவிலியர்களையும் மருந்தாளுநர்களையும் அழையுங்கள். தூய்மைப் பணியாளர் குடும்பங்களிலிருந்தும் ஆள் வேண்டும். காலரா வந்த தெருக்களுக்கு மற்றவர்கள் போகப் பயந்தபோது போனவர்கள் அவர்களுடைய தாத்தாக்களும் பாட்டிகளும். அவர்கள் வாயால் சொல்லாத மருத்துவ வரலாறு எனக்கு வேண்டாம்.

இன்னொன்று அவசரம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் பழைய பீரோக்களைக் காலி செய்தார்கள். தடுப்பூசிப் பதிவேடுகள், கண்ணாடிச் சிரிஞ்சுகள், ஊசி கொதிக்க வைக்கிற பித்தளைப் பெட்டிகள் எல்லாம் எடைக்குப் போயின. நான் போய்ச் சேர்ந்தபோது பழைய பேப்பர்க்காரரின் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. கெஞ்சிக் கேட்டு ஒரே ஒரு பித்தளைப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். அன்று போன பதிவேடுகளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அவற்றில் அப்பாவின் கையெழுத்தும் இருந்திருக்கும். மீதி இருப்பவற்றையாவது எங்கும் எடைக்குப் போடக் கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள்.

ஆடியில் வேண்டாம், பண்டிகைக் கூட்டத்தில் நிற்கவே இடம் இருக்காது. தை மாதம் சரியாக இருக்கும், காலை ஆறரைக்கு. முதல் நடைக்கு அந்தப் பித்தளைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
அம்மாபேட்டை, சேலம்